முழங்கால் சீழுக்குக் கேசரி

எங்கள் வீட்டில் ஒருமுறை சீழ் வைத்ததற்காகக் கேசரி கிண்டினோம்.

என் சின்ன மகளுக்குப் பிறவியிலேயே நோய் எதிர்ப்பில் ஒரு குறை. இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளமாக இருக்கும். ஆனால் இரத்தக்குழாயின் சுவரைப் பிடித்து நின்று காயத்துக்குள் இறங்குவதற்கான ஒட்டும் புரதம் அவற்றில் இல்லை. குரோம்பேட்டையில் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரிதான்: வண்டி நிறையக் கூட்டம், இறங்க ஒருவராலும் முடியாது. அதனால் காயம் ஆறாது; சீழ் என்பதே காயத்துக்குள் இறங்கிப் போராடிச் செத்த வெள்ளணுக்கள்தான் என்பதால் சீழும் வைக்காது. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள், "சீழ் வைக்கலேன்னா நல்லதுதானே?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நல்ல வெள்ளணுக்கள் உருவாகட்டும் என்று மூத்தவளின் எலும்பு மஜ்ஜையை இவளுக்குச் செலுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தாள். மூன்றாம் நாள் முழங்காலில் மஞ்சளாக ஒரு பொட்டு.

"வந்துடுச்சுங்க!" என்று என் மனைவி கத்தினாள். உடனே போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அப்புறம் ரவையை வறுத்தாள்.

மாடி வீட்டு அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு, "என்ன விசேஷம்?" என்றார்.

"பாப்பாவுக்குச் சீழ் வெச்சிருக்குக்கா!"

அக்கா ஸ்பூனை மெதுவாகக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டார்.

சாயங்காலம் மகளையும் ஒரு டப்பா கேசரியையும் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் அவளை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஓடினோம். அவர் முழங்காலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்றதுதான். இதுக்கெல்லாமா ஓடி வருவீங்க?"

அந்தத் திட்டை வாங்கத்தான் ஆறு வருடம் காத்திருந்தோம்.