ஒரே வருடத்தில் பிறந்த இருவர்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு மெடிக்கல் கடை இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். நிலத்தை உழுது பிழைக்கும் புதூர் பக்கத்துச் சம்சாரிகளில் பலர் உடம்புக்கு முடியவில்லை என்றால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே என்னிடம்தான் வருவார்கள். டாக்டரைப் பார்க்க அரைநாள் ஆகும், என்னைப் பார்க்க அரை நிமிடம் போதும். அதில் ஒரு காலத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற கொஞ்சம் கரிசல் நிலமும் சில ஆடுகளும் அவருக்கு இருந்தன. விதைப்பு இல்லாத மாதங்களில் மனைவியோடு கூலிக்குப் போவார். வாரம் தவறாமல் வந்து நின்று, "பாய், ரெண்டு பேருக்கும் செட்டு குடுங்க" என்பார். வலிக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று என்று மாத்திரைகளைச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதுதான் செட்டு.

"தினமும் போடுதீங்களா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போடாட்டி இடுப்பு நிக்க மாட்டேங்கு பாய். குனிஞ்சாத்தான சோறு."

கேட்டுக்கொண்டே மடித்துக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு எங்கே என்று அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரச் சொல்லி ஒருமுறை ஆதார் அட்டையை நீட்டினார். பிறந்த வருடத்தைப் பார்த்தேன். என்னுடைய வருடம். மாதம்கூட எனக்கு முந்தினதில்லை, பிந்தினது. அதுவரை அவரை என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றே நினைத்திருந்தேன். கன்னம் ஒட்டி, முன்பற்கள் போய், முதுகு வளைந்து நின்றவரை நிமிர்ந்து பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. எனக்கும் சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. காலையில் நடக்கிறேன், வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறேன், மூன்று மாதத்துக்கு ஒருதடவை ரத்தம் பார்க்கிறேன். அவர் ரத்தம் பார்த்ததே இல்லை.

அடுத்த கோடையில் கால் வீங்கி வந்தார். விரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது. அன்றைக்குத்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். திரும்பி வந்தவர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, "ரத்தத்துல உப்பு கூடிருச்சாம். கிட்னி ரெண்டும் போச்சுன்னு சொல்லுதாவ" என்றார். வலி மாத்திரையை வருடக்கணக்காகப் போட்டதும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்ததும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாரத்துக்கு இரண்டு நாள் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சிகிச்சைக்குச் செலவில்லை, கவனிப்பிலும் குறையில்லை. ஆனால் அவர் ஊருக்கு வந்துபோகும் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய முறை போயிற்று. போய்த் திரும்பினால் அவருக்கும் கூட வரும் மனைவிக்கும் அன்று கூலி இல்லை. அப்படியும் ஏழெட்டு மாதம் வந்தார். பிறகு ஐப்பசியில் மழை விழுந்தது. கரிசல் மண்ணில் ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும், மண் யாருக்காகவும் காத்திருக்காது.

"விதைச்சுட்டு வாரேன் பாய், ஒரு வாரந்தான்" என்று போனில் சொன்னார்.

"அண்ணாச்சி, விளையாட்டு இல்ல. இன்னைக்கே வாங்க."

"நெலத்த தருசா போட்டுட்டு இருந்து என்ன செய்யச் சொல்லுதீங்க?"

விதைத்து முடித்த மறுநாள் காலையில் மூச்சு முட்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு பாதி வழி வருவதற்குள் போய்விட்டார். துஷ்டிக்குப் போனேன். நானும் அவரும் ஒரே வயசு என்று சொன்னபோது அங்கிருந்த ஒருவரும் நம்பவில்லை.

அடுத்த மாதம் வியாபாரிகள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் மருத்துவ முகாம் நடத்தினோம். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர், நம் மாநிலத்து மக்கள் நாட்டின் சராசரியைவிடக் கூடுதல் வருடங்கள் வாழ்கிறார்கள், இது நம் எல்லோருக்கும் பெருமை என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது அதனால்தான். நான் வாழப்போகிற வருடங்களையும் அண்ணாச்சி வாழாமல் போன வருடங்களையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, கிடைத்ததற்குச் சராசரி என்று பெயர் வைத்துக் கைதட்டுகிறோம். வேறு மாநிலத்தோடும் நாட்டோடும் ஒப்பிடத் தெரிகிறது. இங்கிருந்து புதூர் பஸ்ஸில் ஏறி, இறங்கிய இடத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

எழுந்து நின்று இதைத்தான் சொன்னேன். "எங்க அண்ணாச்சி உங்க கணக்குல எங்க இருக்காருன்னு காட்டுங்க" என்றேன். பேச்சாளர் பொறுமையாகச் சிரித்தார்.

"சராசரின்னா மேலயும் கீழயும் இருக்கத்தானே செய்யும் பாய்."

"கீழ இருக்கறது எப்பவும் ஒரே ஆளுகளாத்தான் இருக்கணுமா?"

பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சுண்டல் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்றோடு சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கொடுப்பதை நிறுத்தினேன். என்னிடம் வந்தவர்கள் நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொண்டார்கள். ஊரில் அதற்குமேல் ஒன்றும் மாறவில்லை.

பிறகு ஒருநாள் அண்ணாச்சியின் மனைவி வந்து செட்டு கேட்டார். "இனிமே அத தர மாட்டேன் மதினி" என்றேன்.

"அப்ப நான் எப்பிடிக் களை எடுக்க? நிலத்த எனக்கு விட்டுட்டுப் போயிருக்காவ. இடுப்பு ஒடியுது பாய்."

கடையைப் பூட்டிவிட்டு நானே அவரை ரத்தம் பார்க்கக் கூட்டிப்போனேன். அவருக்கும் உப்பு கூடியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். மாத்திரையை விட்டால் இதோடு நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தோம். பஸ் வந்து நின்றபோது மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மாத்திர இப்பிடிச் செய்யும்னு உங்களுக்கு முன்னயே தெரியும்லா?"

"தெரியும்."

"அப்ப அவுகளுக்குச் சொல்லியிருக்கலாம்லா."

அவர் ஏறிப் போய் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். டாக்டர் சொன்னபடி மாத்திரையை விட்டுவிட்டார். மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வருகிறார், உப்பு அதற்குமேல் ஏறவில்லை என்று லேப்பில் சொன்னார்கள். என் கடைப்பக்கம் மட்டும் வருவதில்லை.