ஒரே கட்டம்போட்ட சட்டை

அருள்புரத்தில் எக்ஸ்போர்ட் மிச்சத் துணி விற்கும் என் கடைக்குள் அந்த அம்மாள் வந்தபோது கண் கூசியது. பெரிய பூப்போட்ட சேலை. அதன்மேல், பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் போடுவதுபோல, ஓர் ஆண் சட்டை. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம். தோளில் புள்ளிபோட்ட துண்டு. சட்டை முழங்கையில் கிழிந்திருந்தது. அதே கட்டத்தில் இன்னொன்று கேட்டார்.

"ஒண்ணுக்கொண்ணு சேரவே இல்லீங்களேக்கா. ப்ளெய்ன்ல எடுத்துக்குங்க" என்றேன். வியாபாரி வாய், சும்மா இருக்காது.

"எங்க ஊட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுல காணாமப் போன அன்னைக்கு இதுதானுங்க போட்டிருந்தேன். அவருக்கு நெனப்பு தப்பிப்போச்சுங்க, எம் மொகமே தெரியாது. ஆனா ஆயுசு பூரா துணி செக்கிங் பண்ணுன கண்ணுங்க. டிசைனை வெச்சுத்தான் என்னையக் கண்டுபுடிப்பாரு."

இதையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு தினமும் அங்கே போய் நிற்கிறாராம்.

இருந்த பண்டல்களையெல்லாம் பிரித்துக் கொட்டினேன். அந்தக் கட்டத்தில் தைத்த ஆர்டர் எப்போதோ கப்பலேறிப் போயிருக்கும். கடைசியில் அதே நிறங்களில் ஒரு சட்டை அகப்பட்டது. காசு வேண்டாம் என்று நீட்டினேன். தன் சட்டைமேல் அதை வைத்துப் பார்த்தார்.

"கட்டம் கொஞ்சம் பெருசுங்க. அவரு ரிஜெக்ட் பண்ணிருவாருங்க."

கிழிசலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அப்புறம் வரவேயில்லை. இன்றைக்கும் புதுப் பண்டல் வந்தால், என் கை முதலில் அந்தச் சின்னக் கட்டத்தைத்தான் தேடுகிறது.