விளக்கு கட்டிய ராக்கெட்

செவ்வந்தி கச்சிராயபாளையத்தில் ராசுவின் சவுண்டு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தாள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் சீரியல் செட்டுகளில் எரியாத விளக்குகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வாள். படிப்பு பத்தாவதோடு நின்றிருந்தது. அம்மா குஞ்சம்மாள் ஆதிமூலத்தின் நிலத்தில் கரும்பு வெட்டினாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

மாதிரி ராக்கெட் விடுகிறவர்களைச் செவ்வந்தி செல்போனில்தான் முதலில் பார்த்தாள். சென்னையில் அதற்கென ஒரு சங்கம் இருப்பது தெரிந்து சேர்ந்துகொண்டாள். ராக்கெட்டை மேலே தள்ளும், மருந்து அடைத்த மோட்டாரைச் சங்கத்தில் கொடுத்தார்கள். அதை எப்படிக் கையாள்வது என்றும் சொல்லித் தந்தார்கள். மற்றதெல்லாம் அவள் கைவேலை. பிளாஸ்டிக் பைப்பின்மேல் காக்கித்தாளைப் பசை தடவிச் சுற்றி, காய்ந்ததும் உருவி எடுத்தாள். வாலுக்கு அட்டையில் இறக்கை வெட்டினாள். இறங்குவதற்குக் கிழிந்த குடைத்துணியில் பாராசூட்.

பகலெல்லாம் கடை. பொழுது சாய்ந்த பிறகுதான் ராக்கெட் விட நேரம் கிடைக்கும். இருட்டில் அது எங்கே போய் விழுகிறது என்று தெரியவேண்டுமே! அதற்காகத்தான் விளக்கு. இறக்கைகளில் சின்ன எல்இடி பல்புகளை ஒட்டி, ஒயர் நீளம் குறையட்டும் என்று பேட்டரியையும் வால் பக்கமே வைத்தாள்.

ஆதிமூலத்திடம் கேட்டு, அறுத்துக் காலியாகக் கிடந்த அவர் கழனியில் ராக்கெட்டை நிறுத்தினாள். அம்மாவோடு தள்ளி நின்று சுவிட்சை அழுத்தினாள். ராக்கெட் பனைமர உயரம் போனது. அங்கே தலை திரும்பிப் படுக்கைவசமாகப் பாய்ந்து, பக்கத்துக் கரும்பில் புகுந்தது. காய்ந்த கரும்புச்சோகை பற்றிக்கொண்டது.

தாயும் மகளும் ஈரச்சாக்கால் அடித்து அணைத்தார்கள். ஓரமாகக் கொஞ்சம்தான் கருகியிருந்தது. அதற்குள் ஆதிமூலம் ஓடிவந்துவிட்டார்.

"வெளையாட எடம் கேட்டியே, இதுக்குத்தானா? மொத்தக் கரும்பும் போயிருந்தா நான் இன்னா பண்றது?" என்றவர் குஞ்சம்மாளைப் பார்த்து, "நீ நாளையிலேர்ந்து வராத" என்றார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

அதன்பிறகு குஞ்சம்மாள் விடியுமுன்பே டவுன் பஸ் பிடித்து வடக்கனந்தல் பக்கம் வேலைக்குப் போனாள். அம்மா செருப்பு மாட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். மிச்சமிருந்த மோட்டார்களைச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு போட்டுக்கொண்டே குஞ்சம்மாள் கேட்டாள். "அது ஏன்டி திரும்பிச்சி?"

"எதும்மா?"

"அதான், ராக்கெட்டு. நேரா போய்க்கினு இருந்திச்சே."

"வால்ல கனம் ஜாஸ்தியாயிடுச்சிம்மா. பேட்டரிய அங்க வெச்சது தப்பு."

"அப்ப எடுத்து முன்னாடி வை. வேலை போனது போயிடுச்சி. அதுக்காவ மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு இருப்பியா?"

புது ராக்கெட்டில் பேட்டரி மூக்குக்குள் போனது. எடை சமமாக நிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பார்த்தாள். மூக்கு முன்னால் நின்றபடியே சுற்றியது; இனிப் பாதியில் திரும்பாது. போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, வயலுக்கு வெகுதூரத்தில் தண்ணீர் வற்றிய ஏரியைத் தேர்ந்தாள். ஆதிமூலத்திடமும் போய்ச் சொன்னாள்.

அவர் வந்தார். முதுகில் மருந்தடிக்கும் டேங்க், உள்ளே தண்ணீர்.

"வேடிக்கை பாக்க வரல. நெருப்பு வுழுந்தா அணைக்க வந்தேன்" என்றார்.

"இருங்கண்ணே, நல்லதுதான்" என்றாள் செவ்வந்தி.

மேற்கே மலை கருத்துப்போயிருந்தது. சுவிட்சை அழுத்தியதும் பச்சையும் சிவப்புமாய்க் கோடு இழுத்துக்கொண்டு ராக்கெட் நேரே ஏறியது. உச்சியில் 'டப்' என்று பாராசூட் விரிந்தது. விளக்குகள் மெதுவாகச் சுழன்றபடி இறங்கி, கரையோரக் கருவேல மரத்தில் சிக்கி, அங்கேயே மினுக்கிக்கொண்டிருந்தன. குஞ்சம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆதிமூலம் டேங்கை இறக்கி வைக்காமலே அண்ணாந்து நின்றார்.

"போச்சின்னு நெனச்சேன், அழகாத்தான் எறங்கிச்சி" என்றார். குஞ்சம்மாளை அவர் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்த வருஷ ஆடித் திருவிழாவுக்கு ராக்கெட் விடச்சொல்லி ஊர்க்காரர்கள் ராசுவிடம் வந்தார்கள். கூட்டம் நிற்கிற இடத்தில் விடமாட்டேன் என்று செவ்வந்தி சொல்லிவிட்டாள். பார்க்க ஆசைப்பட்டவர்கள் சாயங்காலம் ஏரிக்கரைக்கு நடந்து வந்தார்கள்.