பவானியின் டின்னில் என் தாத்தா

இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் குடும்ப வரலாற்றுக் குழு கூடியது. நான்கு வருடமாகப் போகிறேன். தாத்தாவின் பெயரும், அவர் பால் மரம் வெட்டிய கிள்ளான் ரப்பர் தோட்டத்தின் பெயரும் மட்டுமே கிடைத்தன. படம் ஒன்றுகூட இல்லை.

பூச்சோங்கிலிருந்து வரும் பவானி குழுவில் சேர்ந்து மூன்றே மாதம். அவர் தாத்தா அதே தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி. இன்று ஒரு பிஸ்கட் டின் நிறையக் கடிதங்களும் படங்களும் கொண்டுவந்தார். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நேற்று சேர்ந்த பிள்ளை முதல் பரிசு வாங்கினால், வருடமெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்த பிள்ளைக்கு எப்படி இருக்கும்? டீச்சரான எனக்கே அப்படித்தான் இருந்தது. தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், இங்க வாங்க லா. உங்க தாத்தா மாரிமுத்துதானே?" என்று பவானி கூப்பிட்டார்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாக நிற்கும் படம். பின்பக்கம் கிராணியின் கையெழுத்தில் பெயர்கள். மூன்றாவது, மாரிமுத்து. அப்பாவின் அதே மூக்கு.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"நீங்களே வச்சுக்குங்க டீச்சர். எங்க வீட்டுல இன்னொண்ணு இருக்கு."

எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லாத என் தாத்தா, அவர்கள் வீட்டில் இரண்டு பிரதி!

கண் கலங்க நன்றி சொன்னேன். ஆனாலும் பொறாமை எல்.ஆர்.டி. ரயில் ஏறி வீடுவரை கூடவே வந்துவிட்டது.

உங்கள் குழுவிலும் இப்படி ஒரு பவானி உண்டா?