ஹன்னாவின் அம்மாவைத் தேடிக் கானாடுகாத்தானுக்கு

1973 ஜனவரி. மதுரையில் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஜேன் என்ற அமெரிக்கப் பெண்ணும் ஆசிரியை. அவளுடைய முன்னோர்களில் ஒருத்தி ஹன்னா. அமெரிக்காவை இங்கிலாந்து ஆண்ட காலத்தவள். ஹன்னாவைப் பெற்றவள் யார் என்பதுதான் அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அது எழுதியிருந்த குடும்ப பைபிளை, யுத்தத்துக்கு முன்பு, தான் வேலை பார்த்த ரங்கூனிலிருந்து ஊர் திரும்பிய அவசரத்தில், ஜேனின் தாத்தா அலமாரியோடு சேர்த்து விற்றுவிட்டாராம். வாங்கியவர் கானாடுகாத்தான் செட்டியார் என்று ஒரு பழைய கடிதம் சொன்னது. போதாதா? கிளம்பிவிட்டோம்.

காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ். எட்டே முக்காலுக்குக் காரைக்குடி. இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ். ஒன்பது மைல், அறுபது காசு. செட்டியார் பெயரைச் சொன்னதும் கண்டக்டர் சிரித்தார். அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேராம். "வீட்டு விலாச எழுத்தைச் சொல்லுங்க. இல்லாட்டி எங்குட்டுப் போய்த் தேடுவீக?"

நல்லவேளை, கடிதத்தில் பெயருக்கு முன்னால், குடும்பத்தைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் இருந்தன. அவற்றைக் காட்டியதும் ஊரே வழி சொன்னது.

அந்த வீட்டு மெய்யம்மை ஆச்சிக்கு நாற்பது வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் மூன்று அறைகளைத் திறந்து, பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தார். முதல் பக்கத்தின் மேலே பிள்ளையார் சுழி! சுழிக்குக் கீழே மங்கிய மையில் ஹன்னா பிறந்த விவரம், தாய் ரேச்சல் என்று. அடுத்தடுத்து ஏழு தலைமுறைப் பிறப்புகள். அதன்பின் தமிழில் ஆச்சியின் கணவர், நாத்தனார்கள், பிள்ளைகள்! பிள்ளை பிறந்தால் எழுதி வைக்கும் நோட்டு என்று நினைத்து, அலமாரியை வாங்கியவரான ஆச்சியின் மாமனார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார்.

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விலாச எழுத்து இல்லாமல் போகாதீர்கள், நோட்டையும் பேனாவையும் மறக்காதீர்கள். பொருளைக் கையோடு கொண்டுவந்துவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். ஜேன் என்ன விலையும் தருவதாகச் சொல்லிப் பார்த்தாள்.

"எங்க பிள்ளைக பொறந்ததும் இதுலதானே இருக்கு, எப்படித் தர்றது?" என்றார் ஆச்சி.

ஜேனின் முகம் வாடிவிட்டது. எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டு எழுந்தாள். ஆச்சி அவளை உட்காரச் சொல்லி, கடைசி மகன் பெயருக்குக் கீழே விரலை வைத்தார்.

"ஒங்க பேரு இதுல இல்லையே. எழுதிட்டுப் போங்க. அம்மா பேரை விட்டுறாதீக."