கோட்டையடி வாங்குகள்

சண்டை சற்று ஓய்ந்திருந்த ஒரு வருடம், மட்டக்களப்பில் ஒல்லாந்தர் கோட்டையைச் சுற்றி அழகுபடுத்தும் வேலை வந்தது. நான்தான் ஓவசியர். பற்றைகளை வெட்டினோம், முட்கம்பியைச் சுருட்டினோம், வாவிக்கரையோடு சனம் இருந்து காற்று வாங்க ஆறு கொங்கிறீட் வாங்குகள் கட்டினோம். எல்லாம் வாவியைப் பார்த்தபடி, நல்ல உயரச் சாய்மானத்தோடு.

ஊருக்கென்று சொன்னேனே தவிர, உள்ளுக்குள் அவை என் மனைவிக்காகத்தான். ஆமியின் சுற்றிவளைப்பொன்றில் தன் தம்பியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவள். அன்றிலிருந்து இரண்டு வருடமாக வாசல் படலையைத் தாண்டவில்லை. ஒழுங்கான நித்திரையும் இல்லை. ஒரு பின்னேரமாவது அவளைக் காற்றுப்பட இருத்திவிட வேண்டும் என்று நின்றேன்.

வாங்குகளில் ஒருவரும் இருந்தால்தானே! கோட்டைக்குள் இருக்கும் அரசாங்கக் கச்சேரிக்கு அலுவலாக வருகிற சனம் வெயிலில் நிற்கும், மதகில் குந்தும், என் வாங்குப் பக்கம் திரும்பாது. நன்றி கெட்ட சனம் என்று மேசனிடம் கத்தினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் மனைவியைச் சைக்கிளில் ஏற்றிக் கூட்டிவந்தேன். வாங்கில் இருந்தவள் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு கழுத்தை முறித்து ரோட்டையே பார்த்தாள்.

"வாவியப் பாரன்," என்றேன்.

"ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஆரு இருப்பாங்க? உங்களுக்கு மூளை கீளை இருக்கா? பின்னால வாறது ஆரெண்டு தெரிய வேணாமா? எழும்புங்க, போவம்."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தேத்தண்ணிக் கடையில் நானே வாசலைப் பார்த்துத்தான் இருப்பேன். அந்தப் புத்தி வாங்குக்குப் படம் கீறும்போது எங்கே போனதோ!

மறுநாள் காலையே ஆறு சாய்மானத்தையும் உடைக்கச் சொன்னேன்.

"கட்டக்குள்ளயே நினைச்சனான் ஐயா," என்றார் மேசன். "நீங்க சொல்ல விட்டாத்தானே."

வாங்குகள் நிறைந்தன. அத்தனை பேரும் வாவிக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்திருந்தார்கள். போகட்டும், இருந்தார்களே! அவளும் வந்தாள். "நீங்க வாவியப் பாருங்க, நான் ரோட்டப் பாக்கிறன்," என்று எனக்கு முதுகைத் தந்து இருந்தாள். அதன் பிறகு பின்னேரம் தவறாமல் வந்தோம். திரும்பிப் பார்க்கமாட்டாள்; ஆனால் வாவியில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"ரெண்டு தோணி," என்பேன்.

"மறுகா?"

"ஒருத்தன் வலை வீசுறான்."

"மீன் பட்டுதா?"

"நான் என்ன தோணிக்குள்ளயா இருக்கிறன்?"

சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இல்லாத கொக்கையெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பின்னேரம், "பாலத்தடியில வள்ளம் ஒண்டு," என்றேன். மறுகா என்று கேட்கவில்லை. அவளுடைய பாரம் மெல்ல மெல்ல என் முதுகுக்கு வந்தது. பட்டப்பகலில், ஆமிக்காரர் போய்வருகிற ரோட்டுக்கு முன்னால், என் மனைவி நித்திரை கொண்டிருந்தாள்.

கால் இரண்டும் மரத்துப்போயின. நான் அசையவில்லை. மூக்கைக்கூட உறிஞ்சாமல் அழுதேன்.