நான் போட்ட சட்டம்

நேற்று காலை தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிச் சட்டம் போடலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைப் பள்ளியில் அந்தச் சட்டத்தை நான் ஒருத்தியே எப்போதோ போட்டுவிட்டேன்.

அப்போது டீச்சர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஜன்னல் வழியாக வரும் கருவாட்டு வாசனை என் புடவையிலேயே தங்கிவிடும். வீட்டுக்குப் போகும் பரமக்குடி பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அந்த வாசனைக்குள் ஒருநாள் ஸ்பிரிட் வாசனையும் சேர்ந்தது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட நர்ஸ் வந்திருந்தார். பக்கத்து ஊரில் ஒரு பிள்ளை தொண்டை அடைப்பானில் போய்விட்டிருந்த நேரம். ஒன்றாம் வகுப்பு செல்வியை மட்டும் அவள் அம்மா ராக்கு உள்ளே விடாமல் வாசலில் நின்றாள்.

"அவுக அப்பா வேணாங்குறாக டீச்சர். கடலுக்குப் போயிருக்காக."

"ஊசி போடலேன்னா பேரை எடுத்துருவாக. சட்டம் வந்துருச்சு" என்றேன், வாய் கூசாமல். அப்படி ஒரு சட்டமே கிடையாது. ராக்கு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையை உள்ளே விட்டாள்.

மறுநாள் செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அப்பா முனியசாமி வந்தார். பிள்ளைக்கு உடம்பு கொதித்தது.

"அந்தச் சட்டத்தக் காட்டுங்க டீச்சர்."

"சட்டம் இல்லைங்க. நானாச் சொன்னேன்" என்றேன்.

அவர் கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். "என் தங்கச்சிக்கும் ஊசி போட்ட மறுநாளுதான் காய்ச்சல் வந்துச்சு. மூணாம் நாளு அவ இல்ல" என்றார்.

நர்ஸ் கொடுத்திருந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுக்கே போனேன். ஈரத்துணியை நனைப்பதும் போடுவதுமாக அன்று முழுதும் பிள்ளை பக்கத்தில் இருந்தேன். முனியசாமி கடலுக்குப் போகவில்லை. சாயங்காலம் செல்விக்கு வேர்த்துவிட்டது. பசிக்கிறது என்றாள். அவர் எழுந்து வெளியே போய், வலைக் குவியலுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது ராக்குவிடம், "பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்க" என்றேன்.

"பொய்னு எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். அவுககிட்ட சொல்ல எனக்கும் ஒண்ணு வேணும்ல" என்றாள்.

நிஜமாகவே சட்டம் வந்தால் நல்லதுதான் என்று நினைக்கிறேன். பொய் சொல்கிற பாவம் யாருக்கும் வேண்டாம். அந்தப் பள்ளியைப் பிள்ளைகள் குறைந்துபோய் மூடிவிட்டார்கள். இப்போது காலையில் வேன் வந்து பிள்ளைகளை டவுன் பள்ளிக்கு ஏற்றிப் போகிறது. அங்கே படிவத்தோடு தடுப்பூசி அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிள்ளைகளின் வீடு எங்கே இருக்கிறது என்றுதான் அங்குள்ள டீச்சர்களுக்குத் தெரியவில்லை.